திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை: நடந்தவர்களும் சோறு போட்டவர்களும்

(தோட்டத்து வாசிகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவின் சார்பில் நிகழ்த்திய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து, வீட்டு வேலையையும் ஒரு கை பார்த்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு மாத்திரம் எத்தனை கட்டை நடந்தோம் என்று உங்களில் யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள். நடப்பது நமக்குப் பழகிப் போன காரியம். ஆகவே இந்த வருடம் வாசிகசாலைக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டபோது, ஒரு நடையைப் பற்றியே பேசுவோம் என்று முடிவு செய்தோம். அது 1930ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் திருச்சி நகரத்திலிருந்து புறப்பட்டு, வேதாரண்யம் என்ற ஊரில் கடற்கரையில் போய் முடிந்த நடை. தூரம் சுமார் 150 மைல். இப்போதைய கணக்கில் 240 கிலோமீட்டர். எடுத்த நாள் 15.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பற்றி இரண்டு வரி படித்திருக்கலாம். பெரியவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நடந்தவர்களுடைய பெருமையைப் பலரும் பேசுகிறார்கள். நாங்கள் இன்று அவர்களோடு சேர்த்து இன்னொரு கூட்டத்தையும் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்கள் நடக்கவில்லை. நடந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

உப்புக்கு என்ன சண்டை?

முதலில் எதற்காக நடந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். உப்புக்காக நடந்தார்கள்.

"உப்பு என்ன பெரிய விஷயமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டில் ரொட்டி தட்டும் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். மா இருக்கும், தேங்காய் இருக்கும், கொச்சிக்காய் இருக்கும். உப்பு இல்லையென்றால் ரொட்டியும் இல்லை, சம்பலும் இல்லை. பணக்காரர் வீட்டிலும் அதே உப்புத்தான், ஏழை வீட்டிலும் அதே உப்புத்தான். வெயிலில் வேர்வை சிந்தி வேலை செய்கிறவனுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

அந்தக் காலத்தில் இந்தியாவை ஆண்ட வெள்ளைக்கார அரசாங்கம் உப்பைத் தன் கையில் வைத்திருந்தது. உப்புக்கு வரி போட்டது. அனுமதி இல்லாமல் யாரும் உப்புக் காய்ச்சக்கூடாது, எடுக்கவும் கூடாது என்று சட்டம் வைத்தது. கடற்கரையில் வெயில் தானாக விளைவித்துப் போட்ட உப்பை, அந்தக் கரையில் குடியிருக்கிறவன் ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். கூலி வேலை செய்கிறவனும் மிராசுதாரரும் ஒரே அளவு வரி கட்ட வேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று காந்தியடிகள் கேட்டார். எழுத்து வாசனை இல்லாத ஆளுக்கும் இந்தக் கேள்வி விளங்கியது. அதனால்தான் அவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உப்பைப் பிடித்தார்.

1930ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி, தமது 60ஆவது வயதில், சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு புறப்பட்டார். சுமார் 240 மைல் நடந்து ஏப்ரல் 5ஆம் திகதி தண்டி என்ற கடற்கரைக் கிராமத்தை அடைந்தார். மறுநாள் காலை ஒரு பிடி உப்பை எடுத்தார். அந்த ஒரு பிடி நாடு முழுவதையும் எழுப்பியது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தலையில் ஏற்றுக்கொண்டவர் ராஜாஜி. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்பது முழுப் பெயர். சேலத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞராக இருந்து, அந்த வருமானத்தை விட்டுவிட்டு வந்தவர். இவர் எமக்கு முழுக்க அந்நியர் அல்ல. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது ராஜாஜியும் கூடவே வந்தார். அந்தப் பயணத்தில் காந்தியடிகள் பதுளை உட்பட மலைநாட்டுக்கும் வந்து, தோட்டத்து மக்களிடம் குடியை விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அது நடந்து மூன்று வருடம் ஆவதற்குள் இந்த நடை.

நூறு பேர் புறப்பட்டார்கள்

1930 ஏப்ரல் 13. சித்திரை வருடப் பிறப்பு. 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக்கில் சனங்களைச் சுட்டுத் தள்ளியதும் இதே திகதியில்தான். அந்த நாளைப் பார்த்து, திருச்சியில் டாக்டர் ராஜன் அவர்களுடைய வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டார்கள். ஏறக்குறைய நூறு தொண்டர்கள். எல்லோரும் கதர் உடுத்தியிருந்தார்கள். ராஜாஜிக்கு அப்போது வயது 51. மெலிந்த தேகம். பார்த்தால் பத்து மைல் நடப்பார் என்று சொல்ல முடியாத ஆள். அந்த மனுஷர்தான் முன்னால் நடந்தார்.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்கென்றே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். கூட்டமாகப் பாடிக்கொண்டு நடந்தால் கால் வலி தெரியாது. நம் தாய்மார் மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்து எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

இந்த நடையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. உணர்ச்சி வேகத்தில் எழுந்து ஓடிய கூட்டம் அல்ல இது. யார் வரலாம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரி பத்து மைல்தான். சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்பது தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். காலையில் கொஞ்சம், உச்சி வெயிலில் ஓய்வு, சாயங்காலம் கொஞ்சம். நின்ற இடத்தில் எல்லாம் ஊர் மக்களோடு பேசினார்கள். கதரைப் பற்றிப் பேசினார்கள், கள்ளுக் குடியைப் பற்றிப் பேசினார்கள், தீண்டாமையைப் பற்றிப் பேசினார்கள். யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக்கூடாது என்பது கட்டளை. 15 நாள் நடக்க வேண்டியவன் முதல் நாளே ஓடக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போன பாதை காவிரிப் பாசன நாடு. தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போகும். வயலும் வாய்க்காலும் கோயில் குளமும் உள்ள பூமி. வழிப்போக்கருக்குச் சோறு போடுவதற்கென்றே சத்திரங்கள் கட்டி வைத்த ஊர்கள். அந்த நாட்டில் நூறு பேருக்குச் சாப்பாடு கிடைப்பது ஒரு பிரச்சினையே அல்ல. ஆனால் அதைப் பிரச்சினையாக்க ஒருவர் இருந்தார்.

சோறு போட்டால் ஆறு மாதம்

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு அப்போது கலெக்டராக இருந்தவர் தோர்ன் என்ற வெள்ளைக்காரர். கலெக்டர் என்றால் எமது நாட்டில் அரசாங்க அதிபர் மாதிரி. இவர் கெட்டிக்காரர். நடக்கிறவர்களை வழியிலேயே பிடித்து அடைத்தால் ஊர் கொதிக்கும், இன்னும் நூறு பேர் வருவார்கள் என்று யோசித்தார். அதற்குப் பதிலாக ஓர் உத்தரவு போட்டார். இந்தத் தொண்டர்களுக்கு எவராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அபராதம் வேறு. இதைத் துண்டுப் பிரசுரமாகவும் பத்திரிகையிலும் வெளியிட்டு ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தினார்.

என்ன கணக்கு என்று பாருங்கள். நடக்கிறவன் எதற்கும் துணிந்துதான் வருவான், அவனைப் பயமுறுத்த முடியாது. வீட்டில் இருக்கிறவனைப் பயமுறுத்தலாம். அவனுக்குப் பெண்சாதி பிள்ளை உண்டு, நிலம் உண்டு, கடன் உண்டு. சோறு கிடைக்காவிட்டால் பசியில் நாலாம் நாள் நடை தானாக நின்று போகும். நாங்கள் யாரையும் தடுக்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கலெக்டருடைய பெயரை ஆங்கிலத்தில் சொன்னால் முள் என்று பொருள்படும் சொல் போல ஒலிக்கும். இந்த முள்ளுக்கெல்லாம் சுதந்திர வெள்ளம் நிற்காது என்ற கருத்தில் ராஜாஜி பதில் சொன்னார்.

பயம் இல்லாமல் இல்லை. சில இடங்களில் சத்திரத்துக் கதவு திறக்கவில்லை. தொண்டர்கள் மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் படுத்தார்கள். ஆனால் மறுநாள் நடக்கத் தொடங்கினால், சாலை ஓரத்து மரக் கிளையில் பொட்டலம் தொங்கும். பிரித்தால் உள்ளே சோறு. யார் கட்டியது? தெரியாது. எந்த வீட்டுச் சோறு? தெரியாது. பொலிஸ்காரன் வந்து கேட்டால் மரத்தையா கைது செய்வான்? ஆற்றங்கரையில் தங்கினால், மணலைத் தோண்டச் சொல்லி யாராவது ஒருவர் ஜாடை காட்டிவிட்டுப் போவாராம். தோண்டிப் பார்த்தால் பாத்திரம் நிறையச் சாப்பாடு புதைத்து வைத்திருக்கும் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

தாய்மார்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்தச் சோற்றை ஆக்கியது யார்? இருட்டோடு எழும்பி, அடுப்பு வெளிச்சம் வெளியே தெரியாமல், அடுத்த வீட்டுக்கும் சொல்லாமல் உலை வைத்த கை எது? எங்கேயும் ஒரு கல்லில் அவர்கள் பெயர் இல்லை. நடந்த நூறு பேரில் பலருடைய பெயரைத் தேடிப் பிடிக்கலாம். பொட்டலம் கட்டியவர்களுடைய பெயரைத் தேட முடியாது. பெயர் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்தப் பொட்டலம் இல்லையென்றால் அந்த நடை கடலைப் பார்த்திருக்காது.

ஒளித்துச் செய்தவர்கள் மாத்திரம் அல்ல, வெளிப்படையாகச் செய்தவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் என்ற பெரிய மனிதர், சட்டசபையில் இருந்தவர், தொண்டர்களைத் தமது வீட்டுக்கே அழைத்து விருந்து போட்டார். உத்தரவு அவருக்குத் தெரியாததல்ல. அவரைக் கைது செய்து ஆறு மாதம் சிறையில் போட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆறு மாதம்!

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். தொண்டர்களை அடிக்கும் ஆட்களுக்கு நாங்கள் வேலை செய்வதில்லை என்று அந்த ஊர்த் தொழிலாளர்கள் தீர்மானம் செய்திருந்தார்கள். ஒரு நாள் ஒருவர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். பாதி முகம் சவரம் ஆன பிறகுதான் அவர் பொலிஸ்காரர் என்பது தெரிய வந்தது. வைரப்பன் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். மீதியைச் செய்து முடி என்று அதிகாரிகள் மிரட்டியும் அவர் மசியவில்லை, சிறைக்கே போனார் என்பது வரலாறு. அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. கைத்தொழில் செய்து சாப்பிடுகிற ஒரு மனுஷன், தன் கையில் இருந்த ஒரே சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்.

கடற்கரையில்

ஏப்ரல் 28ஆம் திகதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கரை எமக்கும் பக்கம்தான். வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரை இருக்கிறது. அங்கிருந்து கடலைத் தாண்டினால் எதிர்க்கரையில் எமது யாழ்ப்பாணம்.

அந்த ஊரைச் சேர்ந்த வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்று முகாம் அமைத்துக் கொடுத்தார். அவர் உப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசாங்கத்தின் சட்டத்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, சும்மா இருந்தால் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனாலும் வாசலைத் திறந்தார். பிறகு அவரும் சிறைக்குப் போனார், சொத்தையும் பறிகொடுத்தார். அதே மனிதர் பின்னர் 1946இல் பெண் பிள்ளைகளுக்காக வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பவும் வருவோம்.

ஏப்ரல் 30ஆம் திகதி அதிகாலை ராஜாஜி சில தொண்டர்களோடு அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போய் உப்பு எடுத்தார். கைது செய்தார்கள். ஆறு மாதச் சிறைத் தண்டனை. கொண்டுபோய் அடைத்தது எங்கே தெரியுமா? திருச்சி மத்திய சிறையில். 15 நாள் நடந்து வந்த மனிதரைப் புறப்பட்ட ஊருக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. மற்றவர்கள் உப்பு எடுத்தார்கள். மூடிய கையில் உப்பை வைத்துக்கொண்டு, அடி விழுந்தாலும் கையைத் திறக்காமல் நின்றார்கள். சென்னையிலிருந்து ருக்மணி லட்சுமிபதி அம்மையார் வந்து கலந்துகொண்டு சிறை சென்றார். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக வந்த காமராஜரும் இந்தப் போராட்டத்தில் ஈடுபட்டுத்தான் அந்த வருடம் சிறைக்குப் போனார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1931 மார்ச் மாதம் காந்தியடிகளும் வைஸ்ராய் இர்வினும் செய்த உடன்பாட்டில், உப்பு விளையும் கரையோர ஊர் மக்கள் தங்கள் வீட்டுப் பாவனைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று இடம் கிடைத்தது. உப்பு வரி முழுவதும் போனது 1947இல்தான். 15 நாளில் நடந்த தூரத்துக்குப் பலன் முழுதாகக் கைக்கு வர 17 வருடம் ஆயிற்று. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ஒரு தரம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

எமது பாட்டன் பாட்டி நடந்த பாதை

இப்போது இன்னொரு நடையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம். இந்தப் பெயர்கள் நம் லயங்களில் எத்தனை வீட்டில் பேசப்பட்ட பெயர்கள்! 1820களில் இந்த நாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், இந்த ஜில்லாக்களிலிருந்து எமது முன்னோர் கங்காணிமாரின் பின்னால் நடந்தார்கள். அவர்களும் கடற்கரைக்குத்தான் நடந்தார்கள். அவர்களுக்குக் கடற்கரையோடு நடை முடியவில்லை. தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மாத்தளை வரைக்கும் மறுபடியும் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்களைப் புதைக்கவும் நேரம் இல்லாமல் மற்றவர்கள் நடந்தார்கள்.

அவர்களுக்கும் வழியில் சாப்பாடு கிடைத்தது. ஆனால் வழிச் செலவெல்லாம் அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடன்காரராகத்தான் வந்தார்கள். அந்தக் கடனைக் கழிக்கவே பல வருடம் வேலை செய்தார்கள்.

இரண்டு நடையும் தமிழ் மக்கள் நடந்த நடைதான். ஒரு பாதையில், சோறு கொடுத்தால் சிறை என்று தெரிந்தும் சனங்கள் மரத்தில் சோறு கட்டினார்கள். இன்னொரு பாதையில், போட்ட சோற்றுக்குக் கணக்கு எழுதினார்கள். எந்தப் பாதையில் போகிறவனுக்கு மனம் திடமாக இருக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பழைய நடையை நினைவு கூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, 16 நாள் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். இருநூறு வருட நினைவு. சுமார் 250 கிலோமீட்டர். திருச்சி வேதாரண்யம் தூரத்துக்கு ஏறக்குறைய சமம் என்பதைக் கவனியுங்கள். முன்னோர் நாதியற்று நடந்த பாதையில், இந்த முறை வழி நெடுகப் பல இனத்தவரும் பல மதத்தவரும் வாசலில் நின்று வரவேற்றார்கள். அதைக் கேள்விப்பட்டபோது பழைய கடன் கொஞ்சம் தீர்ந்த மாதிரி எமக்கு இருந்தது.

நம் தோட்டத்தில் தினமும் நடக்கிற நடை

நடப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். இந்த மண்டபத்துக்கு வெளியே, தினமும் காலையில் நீங்கள் பார்க்கிறீர்கள்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு இல்லை. சாதாரண தரம் முடித்து உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் ஏறுவதற்கு மேல் டிவிஷன் பிள்ளைகள் முதலில் மெயின் ரோட்டுக்கு நடந்து இறங்க வேண்டும். மாலையில் அதே தூரம் ஏற்றம். மழைக் காலத்தில் அட்டைக்கடி, பனிக் காலத்தில் இருட்டு. காட்டுப் பக்கத்து வளைவில் குளவிக் கூடு, சில நாள் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு. பெண் பிள்ளை என்றால் பெற்றோருக்கு வயிற்றில் நெருப்பு.

வீடு வீடாகப் போய் நாங்கள் கேட்டபோது ஒரு தாய் சொன்னார்: "ஐயா, புள்ளைக்குப் படிப்பு வராம இல்ல. அந்த ரோட்டுக்குத்தாங்க பயம். ஒத்தையா எப்படி அனுப்புறது?" அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. வீட்டில் நிற்கிறாள். இன்னும் ஆறு மாதம் போனால் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வரும். படிப்பு முடிந்து போகும். இந்தத் தோட்டத்தில் படிப்பை நிறுத்துவது பல நேரம் புத்தகம் அல்ல, பாதைதான்.

இது ஒரு பிள்ளையின் கதை மாத்திரம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு இந்தத் தோட்டத்துக்கு ஓர் ஆசிரியை, ஒரு தாதி, ஒரு தபால் அதிபர் நம் லயத்திலிருந்தே வர வேண்டுமென்றால், அந்த ஆள் இன்றைக்கு அந்த ரோட்டில் நடந்துகொண்டிருக்க வேண்டும். வேதரத்தினம் பிள்ளை, தாம் இழந்ததை எல்லாம் இழந்த பிறகு, பெண் பிள்ளைகளுக்காக ஒரு குருகுலம் தொடங்கினார் என்று சொன்னோமே, அதன் பொருள் இதுதான்.

பாதையைச் செப்பனிடுவதற்கு நிருவாகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதியிருக்கிறோம். தொடர்ந்து எழுதுவோம், நேரிலும் போய்க் கேட்போம். அது எமது வேலை. ஆனால் உப்பு வரி போக 17 வருடம் ஆனதைச் சற்று முன்புதான் பார்த்தோம். ரோடு வரும் வரைக்கும் அந்தப் பிள்ளை வீட்டில் காத்திருக்க முடியாது. வருகிற தவணையில் அவள் போக வேண்டும். ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறோம். பணம் கேட்கவில்லை.

முதலாவது, பிள்ளைகள் தனித்தனியாகப் போகக்கூடாது. மேல் லயத்தில் ஒரு நேரம் வைத்து, எல்லோரும் சேர்ந்து இறங்கட்டும். ராஜாஜியின் ஆட்கள் நடந்த மாதிரி, மெதுவாக நடக்கிற பிள்ளையின் வேகத்துக்கு மற்றவர்கள் நடக்கட்டும்.

இரண்டாவது, காட்டு வளைவு தாண்டும் வரைக்கும் ஒரு பெரிய ஆள் கூடப் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தால், ஒருவருக்கு மாதத்தில் ஒரு தரம், இரண்டு தரம்தான் வரும். ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் காலையில் சும்மாதான் இருக்கிறீர்கள். அப்பாமாரே, தாத்தாமாரே, இது உங்களுக்கான வேலை.

மூன்றாவது, மெயின் ரோட்டுப் பக்கத்தில் குடியிருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பஸ் பிந்தினால், மழை வந்தால், அந்தப் பிள்ளைகள் உங்கள் திண்ணையில் ஒதுங்கி நிற்க இடம் கொடுங்கள். முடிந்த நாளில் ஒரு வாய் சுடு தேத்தண்ணி கொடுங்கள். மரத்தில் பொட்டலம் கட்டியவர்கள் செய்ததை விட இது மிகச் சின்ன வேலை. உங்களை யாரும் ஆறு மாதம் உள்ளே போட மாட்டார்கள்.

நாலாவது, வாலிபத் தம்பிமாருக்கு. ரோட்டோரம் நின்று பெண் பிள்ளைகளைக் கிண்டல் பண்ணுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கும். அந்தக் கலெக்டர் உத்தரவு போட்டுச் செய்யப் பார்த்ததை நீங்கள் வாயாலேயே செய்துவிடுகிறீர்கள். தயவுசெய்து யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. "அவ படிச்சு என்ன கிழிக்கப் போறா" என்ற பேச்சை நிறுத்துவோம். நடக்கிறவனுக்குச் சோறு கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, போகிற வழியில் முள் போட வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசிகசாலையில் முறைப் பட்டியல் எழுதப் போகிறோம். ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேராவது வாருங்கள். பெயரைப் பலகையில் போட மாட்டோம், ஒரு கொப்பியில் மாத்திரம் எழுதி வைப்போம். முன்னால் சொன்ன அந்தத் தாயின் வீட்டுக்கு நாளைக்கே நாங்கள் போகிறோம். பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை, இந்தத் தோட்டம் கூட வரும் என்று சொல்லத்தான் போகிறோம். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.